தட்டையாக இருப்பதும் தட்டையாவதும்

கோகுலாஷ்டமியன்று வீடுகளில் கண்ணன் பாதம் வரைவதைப் பார்த்திருப்பீர்கள். அரிசிமாவைக் கரைத்து, கையை முட்டியாக மடக்கி, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை மாவில் தோய்த்துத் தரையில் ஒற்றுவார்கள். அதன் தலைமாட்டில் விரல்நுனியால் ஐந்து புள்ளிகள். வாசற்படியிலிருந்து பூசையறை வரைக்கும் ஒரு குழந்தை நடந்துபோன தடம் உண்டாகிவிடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் முட்டியின் விளிம்பு பதிக்கும் உருவம் உட்பக்கம் குழிந்து இடை சிறுத்திருக்கும். வெண்ணெய் திருடும் வயதுக் குழந்தையின் பாதம் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. நடை பழகி ஓரிரு ஆண்டுகளே ஆன பிள்ளையை ஈரக்காலோடு தரையில் நடக்கவிட்டால், விழும் தடம் குழிவே இல்லாமல் சின்னச் செங்கல் போலிருக்கும். நாம் குழந்தைக் கண்ணனுக்கு வளர்ந்தவர் பாதத்தை வரைந்து மகிழ்கிறோம். கோலத்தில் அது ஒரு குறையே அல்ல. அந்தக் கோலத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு வீட்டுப் பிள்ளையின் காலை அளக்கத் தொடங்கும்போதுதான் தொல்லை ஆரம்பிக்கிறது.

2019-இல் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டில் அந்தத் தொல்லை ஆரம்பித்தது. அக்காள் மகனுக்கு அப்போது நான்கு வயது. குளித்துவிட்டுச் சிவப்புச் சிமென்டுத் தரையில் அவன் ஓடிய தடத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள், "என்னடி, புள்ளைக்கு வாத்துக்கால் மாதிரி இருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரமே அக்காவும் மாமாவும் அவனைக் காலணிக் கடை ஒன்றுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே கண்ணாடித் தட்டின்மேல் நிற்கவைத்து, கணினித் திரையில் சிவப்பும் மஞ்சளுமாக அவன் பாதத்தைக் காட்டி, "இப்பவே சரிசெய்யலைன்னா முதுகெலும்பு கோணிடும்" என்றார்கள். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு ஜோடி உள்பட்டைகளும் அவற்றை வைத்துக்கொள்ள ஒரு ஜோடி மூடிய காலணிகளும் வந்து சேர்ந்தன.

அதே மாதங்களில் அதே வீட்டில் அம்மாவின் வலது கணுக்காலின் உட்புறம் வீங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொள்வாள். கேட்டால், "நின்னு நின்னு வந்தது. ராத்திரி படுத்தா சரியாயிடும்" என்பாள். அவள் பாதத்தைக் கண்ணாடித் தட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஐம்பத்தாறு வயதுப் பெண்மணிக்குக் கால் வலிப்பது எந்த வீட்டில்தான் செய்தியாகும்?

இந்த இரண்டு பாதங்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஒன்று தட்டையாக இருந்தது. மற்றொன்று தட்டையாகிக்கொண்டிருந்தது. இவ்விரண்டு வினைகளுக்கும் இடையிலுள்ள தூரமே தட்டைப்பாதம் குறித்து நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முக்கியமானது என்று இப்போது தோன்றுகிறது.

*

பாதத்தின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். ஒரு காலின் பாதத்தில் 26 எலும்புகள். குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிவரை உட்பக்கமாக ஒரு வளைவு ஓடுகிறது. கல்லால் கட்டிய வளைவைப் போல எலும்புகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் நார்களும் தசைகளும். உள்ளங்காலின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஒரு பட்டைநார் வில்லின் நாண் போல ஓடுகிறது. நடக்கையில் பின்காலைத் தூக்கும் தருணத்தில் விரல்கள் மேல்நோக்கி மடங்க, கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றிக்கொள்வதுபோல இந்த நார் விரலடி எலும்புகளைச் சுற்றி இறுகுகிறது. இறுகியதும் வளைவு எழும்புகிறது. தொளதொளத்திருந்த பாதம் அந்தக் கணத்தில் உறுதியான நெம்புகோலாகி உடலை முன்னே தள்ளுகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கி எழுதினார்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தட்டையாகத் தெரியும் பாதமுடைய பிள்ளையை எக்கி நிற்கச் சொல்லுங்கள். அல்லது அவன் நின்றுகொண்டிருக்கும்போதே பெருவிரலை மட்டும் கையால் மேலே தூக்குங்கள். வளைவு தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப்பாதம். ராட்டினமும் கயிறும் நல்ல நிலையில் இருக்கின்றன என்று பொருள். தோன்றாவிட்டால் அது இறுகிய பாதம். எலும்புகள் பிறவியிலேயே ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக் கூடும். அந்த ஒட்டு முதிர்ந்து இறுகும் எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுக்குள் வலி தெரியவரும். இப்படிப்பட்ட பாதத்தை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

நெகிழ்வானது அவ்வாறன்று. குழந்தைகளின் உள்ளங்காலில் கொழுப்புத் திண்டு இருக்கிறது. எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் இளகியிருக்கின்றன. எனவே நிற்கையில் பாதம் படுத்துக்கொள்கிறது. வளர வளரத் தானாகவே வளைவு எழுகிறது. 2006-இல் ஆஸ்திரியாவில் மூன்றிலிருந்து ஆறு வயது வரையுள்ள 835 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். மூன்று வயதில் 54 சதவீதம் பேருக்கு நெகிழ்வான தட்டைப்பாதம் இருந்தது. ஆறு வயதினரிடையே அது 24 சதவீதம்தான். உண்மையான நோய் என்று சொல்லத்தக்க பாதம் நூற்றில் ஒருவருக்குக்கூட இல்லை. சிறப்புக் காலணியும் உள்பட்டையும் அந்த வளைவை விரைவுபடுத்துமா? 1989-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் வெங்கர் குழுவினர் 129 குழந்தைகளைப் பிரித்து, சிலருக்கு மருத்துவக் காலணி, சிலருக்கு உள்பட்டை, சிலருக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாண்டுகள் பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். எல்லாக் குழுக்களிலும் வளைவு மேம்பட்டிருந்தது. ஒன்றும் போடாதவர்களுக்கும் அதே அளவுக்கு.

நம் பக்கத்து ஆய்வு ஒன்று இதைவிடச் சுவையானது. கர்நாடகக் கடற்கரைப் பகுதியில் எலும்பு மருத்துவர்களான யு. பி. ராவும் பெஞ்சமின் ஜோசப்பும் நான்கிலிருந்து பதின்மூன்று வயது வரையுள்ள 2300 பிள்ளைகளின் பாதத்தடங்களைப் பதிந்து ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். செருப்பே அணியாமல் வளர்ந்த பிள்ளைகளும் காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளும் அருகருகே வாழ்ந்த நாடு என்பதால்தான் இந்த ஒப்பீடு இயன்றது. காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம். அணியாதவர்களில் 2.8 சதவீதம். விரல்களையும் மூடிய காலணி அணிந்தவர்களிடையே மிகுதி, செருப்பு அணிந்தவர்களிடையே குறைவு, வெறுங்காலினரிடையே மிகக் குறைவு. மூன்றாண்டுகள் கழித்து 1995-இல் வி. சச்சிதானந்தமும் ஜோசப்பும் எலும்பு வளர்ச்சி முடிந்த 1846 பேரைப் பார்த்தார்கள். ஆறு வயதுக்கு முன்பே காலணி அணியத் தொடங்கியவர்களில் 3.24 சதவீதம் பேருக்கும், ஆறிலிருந்து பதினைந்துக்குள் தொடங்கியவர்களில் 3.27 சதவீதம் பேருக்கும், பதினாறு வயதில் தொடங்கியவர்களில் 1.75 சதவீதம் பேருக்கும் தட்டைப்பாதம். எண்களின் பெருக்கத்தைவிட அவற்றின் போக்கைக் கவனிக்க வேண்டும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளையின் பாதம் மண்ணைப் பற்றுகிறது, மேட்டையும் பள்ளத்தையும் உணர்கிறது, ஒவ்வோர் அடியிலும் உள்ளங்காலின் சிறு தசைகள் வேலை செய்கின்றன. வளைவைத் தரவேண்டும் என்று நாம் வாங்கிக் கொடுத்த மூடிய காலணி, பாதம் செய்யவேண்டிய வேலையைத் தானே எடுத்துக்கொள்கிறது போலும். இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை முழுமையாக நிறுவிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காலணி அணியும் வீட்டுக்கும் அணியாத வீட்டுக்கும் இடையே வேறு வேற்றுமைகளும் உண்டு.

அக்காள் மகன் அந்த உள்பட்டைகளை இரண்டு மாதம் போட்டான். பிறகு கால் வளர்ந்துவிட்டது. காலணி பத்தவில்லை. அடுத்த ஆண்டு ஊரடங்கு. பிள்ளைகள் மொட்டை மாடியில் வெறுங்காலோடு ஓடிக் களித்தார்கள். இப்போது பள்ளியில் கால்பந்து ஆடுகிறான். அவன் தடத்தில் உட்பக்கம் இலேசாகக் குழிந்திருக்கிறது. குழியாமலே இருந்திருந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகியிராது.

*

ஏனென்றால் வளர்ந்தவர்களிலும் பலர் தட்டைப் பாதத்தோடே வாழ்நாளெல்லாம் வலியின்றி நடக்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். வெளியூர் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். தாத்தாவின் ஈரத்தடம் பலகையை அழுத்தியதுபோல் விழும். அந்தக் காலோடுதான் இந்தோசீனாவில் நடந்து திரிந்தார். எண்பது வயதிலும் காலை ஐந்து மணிக்குக் கடற்கரைக்கு நடந்து போய்த் திரும்புவார். தட்டைக் காலுள்ளவரைப் படையில் எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டதற்கு, "அவன் எங்க காலைப் பார்த்தான், பல்லைத்தானே பார்த்தான்" என்றார்.

அவர்தான் பிரெஞ்சில் 'பியே ப்லா' என்றொரு வசை உண்டு என்று சொன்னார். நேர்ப்பொருள் தட்டைப்பாதம். கருத்து, மதிப்புக்குரியவனல்லாத கீழோன். பிற்பாடு தேடிப் பார்த்ததில், மொலியேரின் நாடகங்களிலேயே அந்தச் சொல் வருவது தெரிந்தது. பிரபுக்கள் உயர்ந்த குதிவைத்த காலணியும் குடியானவர்கள் குதியற்ற தட்டைக் காலணியும் அணிந்த காலத்தில் பிறந்த வசை என்று அகராதிகள் விளக்குகின்றன. ஆக, இழிவு காலணியிலிருந்துதான் பாதத்துக்கு ஏறியிருக்கிறது. நம்மிடமும் இதற்குக் குறைவில்லை. பெண் பார்க்கப் போகையில் காலைப் பார்ப்பார்கள், தடம் முழுதாக விழும் பெண் வீட்டுக்கு ஆகாது என்பார்கள் என்று எங்கள் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு நேரெதிரான மதிப்பீடும் இதே மண்ணுக்குப் பழக்கமானதுதான். பௌத்தர்களின் தீக நிகாயத்தில் உள்ள லக்கண சுத்தம் மகாபுருடனுக்குரிய முப்பத்திரண்டு அடையாளங்களை அடுக்கும்போது, முதலாவதாக வைப்பது நிலத்தில் சமமாகப் பதியும் பாதத்தைத்தான். ஒரே பாதம் ஒரு கணக்கில் புத்தருக்குரியது. மறு கணக்கில் மணமேடை ஏறத் தகுதியற்றது.

படைகள்தாம் தட்டைப்பாதத்தை முறையாக எண்ணிப் பார்த்தவை. இரண்டாம் உலகப் போரை ஒட்டிக் கனடாவின் படையில் ஹாரிஸ், பீத் என்ற இரு மருத்துவர்கள் 3600-க்கும் மேற்பட்ட வீரர்களின் பாதங்களை ஆராய்ந்து 1947-இல் அறிக்கை தந்தார்கள். நெகிழ்வான தட்டைப்பாதம் பெரும்பாலும் உறுதியான பாதத்தின் இயல்பான ஒரு வகையே என்பது அவர்கள் முடிவு. குதிகால் தசைநாண் குறுகிப் போய், பாதத்தை மேல்நோக்கி மடக்க இயலாதவர்களுக்குத்தான் அது தொல்லை தந்தது. 1993-இல் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியாளர்கள் 246 பேரைத் தொடர்ந்து கவனித்த கோவன் குழுவினர், பாதம் மிகத் தட்டையாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கே காயம் மிகக் குறைவு என்று கண்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் நம் மத்திய ஆயுதக் காவல் படைகளின் ஆளெடுப்பு அறிவிப்புகளில், முட்டிக்கால் இடிப்போடும் மாறுகண்ணோடும் சேர்த்துத் தட்டைப்பாதமும் தகுதிக்குறைவாக இடம்பெற்று வருகிறது. எங்கள் பகுதியிலிருந்து ஓட்டத்திலும் நீளம் தாண்டுதலிலும் தேறிய ஒரு பையன் மருத்துவத் தேர்வில் திரும்பி வந்தான். ஓடிக் காட்டிய கால்தான் அது. ஆனால் ஈரத்தடம்தான் வென்றது.

*

இனி அம்மாவின் பாதம்.

அம்மா 1991-லிருந்து நகரத்தில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டரை. வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தவிர உட்காரக் கூடாது. 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன புதுசா இருக்கு" என்று கேட்டவள்.

கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து ஒரு தசை கீழிறங்குகிறது. அதன் நாண், கணுக்காலின் உட்புற முண்டுக்குப் பின்னால் வளைந்து, பாதத்தின் உட்பக்கமுள்ள படகு வடிவ எலும்பைப் போய்ப் பற்றுகிறது. வளைவை ஒவ்வோர் அடியிலும் தூக்கிப் பிடிப்பது இந்த நாண்தான். முண்டைச் சுற்றி வளையும் இடத்தில் அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம், உடல் எடை கூடியவர்களிடம், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களிடம் அது மெல்ல மெல்ல நைந்து போகிறது. நைந்ததும் வளைவின் பாரம் முழுவதும் இணைப்பு நார்களின்மேல் விழுகிறது. அவையும் தளர்கின்றன. குதிகால் வெளிப்புறமாகச் சாய்கிறது, பாதம் உட்பக்கம் சரிகிறது. நின்றதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் அம்மாவிடம் சொல்லவில்லை. எடையும் இரத்த அழுத்தமும் அவளுக்கு இருந்தன. ஆனால் நைந்துகொண்டிருந்த ஒரு நாணின்மேல் நாளைக்குப் பத்து மணி நேரம் நிற்பது அதற்கு நன்மை செய்திராது என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

முதலில் காட்டிய இடத்தில் மூட்டுத் தேய்மானம் என்றார்கள். இரண்டாவது இடத்தில் வீங்கிய இடத்திலேயே ஊசி போடலாம் என்றார்கள். அம்மாவுக்கு ஊசி என்றால் பயம், எனவே வேண்டாமென்று வந்துவிட்டாள். நைந்த நாணின் அருகே ஸ்டீராய்டு ஊசி போட்டால் அது அறுந்துபோக வாய்ப்புண்டு என்பதைப் பிறகு அறிந்தபோது, அந்தப் பயத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டோம். 2021-இல் ஓர் எலும்பு மருத்துவர் அவளைத் திரும்பி நிற்கச் சொன்னார். வேறொன்றுமில்லை, பின்னாலிருந்து பார்த்தார். இடது காலின் பின்னாலிருந்து பார்த்தால் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மட்டும் தெரிந்தன. வலது காலின் வெளிப்புறம் நான்கு விரல்கள் எட்டிப் பார்த்தன. பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டு, இடது காலை மடக்கி, வலது காலில் மட்டும் எக்கச் சொன்னார். அம்மாவால் குதிகாலை ஒரு விரற்கடை உயரம்கூடத் தூக்க முடியவில்லை. தன் கால் தனக்கு அடங்கவில்லை என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. முகம் வெளுத்துப் போனாள்.

இந்த நோயை 1989-இல் ஜான்சனும் ஸ்ட்ரோமும் மூன்று படிகளாகப் பிரித்தார்கள். முதற்படியில் நாண் அழன்று வலிக்கும், ஆனால் பாதத்தின் வடிவம் மாறாது. இரண்டாம் படியில் பாதம் சரிந்துவிடும், எனினும் கையால் பிடித்துத் திருப்பினால் நேராகும். மூன்றாம் படியில் அப்படியே இறுகிவிடும். கணுக்கால் மூட்டே சாய்ந்துபோவதை நான்காவது படியாகப் பின்னர் சேர்த்தார்கள். 'பெரியவர்களுக்கு நேரும் தட்டைப்பாதம்' என்று வழங்கிவந்த இந்த நோய்க்கு 2020-இல் மருத்துவர் குழு ஒன்று பெயரையே மாற்றியது. புதிய பெயரைத் தமிழில் 'படிப்படியாகச் சரியும் பாதக்கோணல்' என்று சொல்லலாம். தட்டை என்ற சொல்லே அதில் இல்லை. வடிவத்தைச் சுட்டும் பெயர்போய், அது நிகழ்ந்துகொண்டிருப்பதைச் சுட்டும் பெயர் வந்திருக்கிறது. சரியான காரியம்.

படிகளை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம், மருத்துவம் முழுவதும் படியைப் பொறுத்தது என்பதே. முதற்படியில் வருபவருக்குச் சில வாரங்கள் காலுக்கு ஓய்வு, தேவைப்பட்டால் மாவுக்கட்டோ பூட்ஸ் போன்ற கட்டோ, பிறகு உட்பக்கத்தைத் தாங்கும் உள்பட்டை, அந்தத் தசையைக் குறிவைத்த பயிற்சி ஆகியவை போதும். உள்பட்டையோடு, நாணை நீட்டியபடியே சுமையேற்றும் பயிற்சியும் சேர்ந்தால் பலன் கூடுதல் என்று 2009-இல் கூலிக் குழுவினர் காட்டினார்கள். பிள்ளைக்குத் தேவைப்படாத அந்த உள்பட்டை இங்கே உண்மையான மருந்து. இரண்டாம் படியில் இவற்றோடு கணுக்கால் பிரேஸ். அதிலும் அடங்காவிட்டால் அறுவை: விரல்களை மடக்கும் நாணொன்றை எடுத்து நைந்த நாணின் வேலைக்கு வைத்து, குதிகால் எலும்பை அறுத்து உட்பக்கமாக நகர்த்திப் பொருத்துகிறார்கள். ஆறு வாரமளவில் காலை ஊன்றக் கூடாது. முழுதாகத் தேற ஓராண்டு வரை ஆகலாம். மூன்றாம் படியில் மூட்டுகளையே ஒட்டிவிட வேண்டியிருக்கும். வலி போகும், அசைவும் போகும். வலியைப் பொறுத்துக்கொண்டு அம்மா வேலைக்குப் போன இரண்டு ஆண்டுகளின் விலை, முதற்படியிலிருந்து இரண்டாம் படி.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் எலும்புகள் நொறுங்கி வளைவு இடிந்து விழுவதுண்டு. அப்போது பாதம் சிவந்து, வீங்கி, மற்றக் காலைவிடச் சூடாக இருக்கும். ஆனால் வலி பெரிதாக இராது. வலியில்லாமையே அதன் ஆபத்து. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உணர்ச்சியற்ற பாதங்களைப் பற்றி உலகத்துக்குப் பாடம் கிடைத்த இடங்களில் ஒன்று நம் வேலூர். 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவதற்கு முதன்மைக் காரணம் தசை அழுகுவது அல்ல, வலி தெரியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுத்திக்கொள்வதுதான் என்று காட்டினார். அழுத்தத்தைப் பரவலாக்கும் மென்மையான ரப்பர் செருப்புகள் அந்த வேலையிலிருந்து வளர்ந்தவை. இன்று கடைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் பின்னால் அந்தத் தொழுநோயாளிகளின் பாதங்கள் இருக்கின்றன. ஆயினும் எம்.சி.ஆர். செருப்பு மெத்தென்றிருக்குமே தவிர, சரியும் வளைவைத் தூக்கிப் பிடிக்காது. அம்மா அதைத்தான் ஓராண்டு போட்டுக்கொண்டிருந்தாள்.

*

அம்மா அறுவைக்கு ஒப்பவில்லை. "ஆறு வாரம் நான் படுத்தா வீடு என்னாகும்" என்றாள். அதைவிடப் பெரிய காரணம் அவள் சொல்லாத ஒன்று என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டுகள் நின்றே சம்பாதித்தவளுக்கு, ஊன்றாத கால் என்ற எண்ணமே அச்சந்தருவதாக இருந்திருக்கும். மருத்துவரும் வற்புறுத்தவில்லை. பாதம் இன்னும் நெகிழ்வாகவே இருக்கிறது, பிரேஸ் போட்டுப் பார்க்கலாம், ஆறு மாதத்துக்கொரு முறை வந்து காட்டுங்கள் என்றார். பிசியோதெரபிஸ்ட் ஒரு ரப்பர்ப் பட்டையைக் கொடுத்தார். அதைக் கட்டில் காலில் மாட்டி, பாதத்தை உட்பக்கம் இழுத்து மெதுவாக விடும் பயிற்சியை நாளும் செய்கிறாள். எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறாள். வேலையை விட்டாயிற்று. வலி முழுதாகப் போகவில்லை. பாதம் பழையபடி ஆகவும் இல்லை, ஆகாது. இதற்குமேல் சரியாமல் நிற்கிறது.

கேரளத்தில் 2018-இலும் தமிழ்நாட்டில் 2021-இலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது, "நாற்காலி போடுவாங்க. உட்கார விடுவாங்களா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஒரு ஸ்டூலின் விலையையும், அந்த அறுவைக்குச் சொல்லப்பட்ட தொகையையும் மனத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தேன்.

குழந்தையின் தட்டைப்பாதம் கண்ணுக்குத் தெரிகிறது, பேச்சாகிறது, செலவாகிறது. தாயின் சரியும் பாதம் புடவைக்கரைக்குக் கீழே நிகழ்கிறது. எனவே படிக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஒரு பக்கக் கணுக்காலின் உட்புறம் வலிக்கிறது என்றால், அல்லது ஒரு காலின் செருப்பு மட்டும் உட்பக்கம் தேய்கிறது என்றால், அவர்களைத் திரும்பி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எக்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். இரு கால்களுக்கும் வேற்றுமை தெரிந்தால் வயதின்மேல் பழிபோட்டுத் தாமதிக்க வேண்டாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை, வலியில்லாமல், எக்கும்போது வளைவு தோன்றி, இரு கால்களும் ஒன்றுபோலிருந்தால், ஓட விடுங்கள்.

அம்மா இப்போது வேறு கண்ணோடு தெருவைப் பார்க்கிறாள். யார் முன்னால் போனாலும் அவள் பார்வை குதிகாலுக்குத்தான் போகும். சென்ற மாதம் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். சங்கரா மீனை நிறுத்துக்கொண்டிருந்த அம்மாளின் வலது கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசு கொடுத்து முடிந்ததும் நகராமல் நின்று, "ஏம்மா, ராத்திரியில இந்த உள்பக்கம் வீங்குதா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கூடையை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் எக்குவது எப்படி என்று அம்மா செய்துகாட்டத் தொடங்கினாள். இடது காலில்தான். வலது காலில் அவளால் இன்னும் முடியாது.